உபயக் கதவுகள்

செங்காட்டுப்புதூரில் கதவுக்குப் பஞ்சமே இல்லாத ஏழு வருஷங்கள் இருந்தன. புது வீடு கட்டுகிறவர்கள் செங்கல்லுக்கும் கம்பிக்கும் ஓட்டுக்கும் அலைவார்கள், கதவுக்கு மட்டும் அலையமாட்டார்கள். 'தியாகு வீட்டில் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவார்கள். தியாகுவும் இல்லையென்று சொன்னதில்லை. சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுப்பான், ஆள் விட்டுத் தூக்கியும் விடுவான். வாங்கிப்போனவர்கள் நன்றி மறக்காமல் கதவின் மேல்சட்டத்தில் 'உபயம்: தியாகு சவுண்ட் சர்வீஸ்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிவைப்பார்கள். அத்தனை கதவும் அவன் பெண்டாட்டி பவளக்கொடியின் ஒரு வார்த்தையிலிருந்து வந்தது என்பது ஊருக்குத் தெரியும். தெரிந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

பவளக்கொடி பால் சொசைட்டியில் வேலை பார்த்தாள். காலை ஐந்தரைக்கு வந்து நின்றால் எட்டு மணிவரை ஊர்ப்பால் முழுக்க அவள் கையைத் தாண்டித்தான் போகும். பால்மானியை மிதக்கவிட்டு அளவு பார்ப்பதெல்லாம் சட்டத்துக்காகத்தான். குவளையைச் சாய்த்து ஊற்றும்போதே எவன் தண்ணீர் விட்டிருக்கிறான், எவன் நேற்றைய பாலை இன்றைக்குக் கலந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மாமனாக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்புவாள். பால் விஷயத்தில் ஒரு சொட்டுப் பொய் தாங்காத அந்த வாய்தான், கல்யாணமாகி நாற்பதாம் நாள், கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கிடக்க வேலைக்கு வந்தபோது அந்த வார்த்தையைச் சொன்னது.

"ஏனம்மிணி, மூஞ்சி வீங்கியிருக்குது?" என்று கேட்டார் சொசைட்டி செயலாளர் நாச்சிமுத்து.

"கதவுல இடிச்சுக்கிட்டனுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு நோட்டில் குனிந்துகொண்டார். அவள் வீட்டுக்குப் போனாள். கூடத்தின் நடுவில், டிவிக்கும் கட்டிலுக்கும் இடையில், நிலையோடும் கீலோடும் பித்தளைக் கொண்டியோடும் ஒரு தேக்குக் கதவு நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் திறந்தால் கட்டில், அந்தப் பக்கம் திறந்தால் டிவி, வேறொன்றும் இல்லை. தியாகு அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தான், மரம் நல்ல மரம் என்றான், டிவி மறைக்கிறது என்றான், டிவி மறைப்பதற்காக அவளை ஒரு அறை அறைந்தான். அதற்கு அவள் பக்கத்து வீட்டில் பாத்ரூம் கதவு என்று சொல்லிவைக்க, சாயங்காலம் அடுப்படியில் ஒரு தகரக் கதவு முளைத்திருந்தது.

அதற்கப்புறம் வந்துகொண்டே இருந்தன. பாத்ரூம் கதவு என்றால் தகரமோ பிளாஸ்டிக்கோ வரும். சொசைட்டி கேட் என்றால் துருப்பிடித்த இரும்பு கேட் வரும். பீரோ கதவு என்றால் கண்ணாடி பதித்த அரைக்கதவு வரும். ஒருமுறை கழுத்தில் விரல் தடத்தோடு வந்தவளிடம் மாமியார் முறைக்காரி ஒருத்தி விடாமல் கேட்க, வேறெதுவும் தோன்றாமல் பஸ் கதவு என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வாசலில் கைப்பிடிக் கம்பியும் 'படியில் பயணம் செய்யாதீர்' என்ற எழுத்துமாக ஒரு பஸ் கதவு கிடந்தது. அதைக் கோழிக்கூண்டுக்கு ஒருத்தர் கொண்டுபோனார். ஊர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், நல்லவிதமாகத்தான் எடுத்துக்கொண்டது. வாஸ்து பார்க்கிறவர் வந்து வடகிழக்கில் நிற்கும் கதவை மட்டும் நகர்த்தச் சொன்னார். தச்சர் வந்து தட்டிப் பார்த்து, இந்த மாதிரி மரம் இப்போது கடையில் கிடைக்காது என்று சான்றிதழ் கொடுத்தார். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு இரண்டு கதவு போன அன்று பஞ்சாயத்துத் தலைவர் மேடை போட்டு, தியாகுவின் மைக்கிலேயே, தியாகுவைக் கதவு வள்ளல் என்று புகழ்ந்து துண்டு போர்த்தினார். கீழே உட்கார்ந்து கைதட்டியவர்களில் பவளக்கொடியும் ஒருத்தி. அவளுடைய இடது கை வீங்கியிருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

தியாகுவைக் கெட்டவன் என்று ஊரில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். சாவு வீட்டுக்கு மைக்செட் இலவசம், கோவில் நோம்பிக்கு இலவசம், காது குத்துக்குப் பாதி. விசேஷம் எதுவும் இல்லாத நாளில் அவன் வீட்டிலிருந்து 'மைக் டெஸ்ட், ஒன் டூ த்ரீ' என்று ஸ்பீக்கர் அலறினால் மட்டும் வீதியில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பாதி வீடுகளில் சாத்துவதற்கு இருந்த கதவே அவள் கதவுதான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஏழாம் வருஷம் ஆடி மாதம் அவளுடைய வலது மணிக்கட்டு உடைந்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் கட்டுப் போட்ட நர்ஸ், எப்படி என்று கேட்டாள். பவளக்கொடி வழக்கம்போலச் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, கட்டிலுக்கும் மருந்து அலமாரிக்கும் நடுவில் ஒரு கதவு வந்து நின்றது. ஊருக்கு வெளியில் இப்படி வந்தது இதுவே முதல் தடவை, பவளக்கொடி கூசிப்போனாள். நர்ஸ் கூசவில்லை. ஸ்ட்ரெச்சர் போக வழி வேண்டும் என்று கதவை ஓரமாகத் தள்ளச் சொன்னாள்.

"இந்த வருஷத்துல இது மூணாவது கதவு. போன மாசம் ஒரு அம்மா மாடிப்படி கொண்டாந்தாங்க, அதைத் தூக்கத்தான் எட்டுப் பேர் வேண்டியிருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒரு சீட்டில் எண் எழுதிக் கொடுத்தாள்.

பதினான்காம் எண் அறைக்குப் பின்கட்டு வழியாகப் போகவேண்டும். போகும் வழியில் பவளக்கொடி அதைப் பார்த்தாள். பிணவறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே இருந்த திடலில், எங்கும் ஏறாத மாடிப்படிகள் பத்துப் பதினைந்து வரிசையாக நின்றன. வழுக்கும் பாத்ரூம் தரைகள், சோப்பு நுரை காயாமல், அடுக்கிக் கிடந்தன. ஒரு பசு, கொம்பு தாழ்த்தி, பெண்டாட்டியை முட்டியதாகச் சொல்லப்பட்ட பசு, புல் மேய்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் இந்த வார்த்தை தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

பதினான்காம் அறையில் இருந்தவள் பெயர் ரமீஜா. ஆலோசகர் என்று கதவில் எழுதியிருந்தது. நாற்பது வயது, கண்ணாடி, சாம்பல் நிறச் சேலை, மேஜையில் ஒரு கூஜா. இரண்டு நாற்காலிகளும் ஒரே உயரம். வந்தவர்களுக்கான நாற்காலி வாசல் பக்கம் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதற்காக அப்படிப் போட்டிருப்பதாக ரமீஜா சொன்னாள். கதவைச் சாத்தட்டுமா, திறந்தே இருக்கட்டுமா என்று கேட்டாள். பவளக்கொடியை அவள் கல்யாணத்துக்கப்புறம் ஒருவர் இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. கதவையும் வெளி நடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாதி சாத்துங்க" என்றாள் கடைசியில்.

ரமீஜா பாதி சாத்தினாள். எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு எதையும் சொல்லவேண்டும் என்று இல்லை, சொன்னால் எழுதுவதற்கு முன்னால் உங்களைக் கேட்பேன், சொல்லாவிட்டாலும் அடுத்த வியாழக்கிழமை இந்த நாற்காலி உங்களுக்குத்தான் என்றாள். அந்த வாரம் இருவரும் பாலைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வாரமும் பாலைப் பற்றித்தான் பேசினார்கள், ஆனால் நடுவில் ரமீஜா, ஆபத்து என்று தோன்றினால் உடனே கிளம்ப ஒரு பை, அதில் ஆதார், பாங்க் புத்தகம், இரண்டு சேலை, மனப்பாடமாக ஒரு போன் நம்பர், இவற்றை எங்கே வைக்கலாம் என்று பவளக்கொடியையே யோசிக்க வைத்தாள். பை சொசைட்டியில் பால்மானிப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

மூன்றாவது வியாழக்கிழமை பவளக்கொடி தானாகவே கேட்டாள்: "இத்தனை நாளு ஏன் அங்கயே இருக்கேன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே மேடம்?"

"அது உங்களைக் கேக்க வேண்டிய கேள்வி இல்லீங்க. ஏன் அடிச்சீங்கன்னுதான் ஒருத்தரைக் கேக்கணும். அதை யாராச்சும் இதுவரைக்கும் கேட்டாங்களா?"

பவளக்கொடி யோசித்துப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் யாரும் கேட்டதாக நினைவில்லை. அப்புறம் அவள் முதல் நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்: கல்யாணமாகி நாற்பதாம் நாள், விருந்துக்கு வந்த சித்தப்பா மகனிடம் சிரித்துப் பேசியது, எல்லாரும் போனபின் தியாகு மைக் ஸ்டாண்டைக் கழற்றியது. சொல்லச் சொல்ல அவளுடைய பாதம் இரண்டும் சில்லிட்டுப்போயின. ரமீஜா அதைக் கவனித்து நிறுத்தினாள். தரையில் காலை அழுத்தி வைக்கச் சொன்னாள். இந்த அறையில் கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளைப் பேர் சொல்லுங்கள் என்றாள். கூஜா, ஃபேன், காலண்டர், உங்க கண்ணாடி, ஜன்னல்ல பல்லி என்று பவளக்கொடி சொன்னாள். சூடு காலுக்குத் திரும்பி வந்ததும் மீதியைச் சொன்னாள்.

"அன்னைக்குக் கதவு ஒண்ணும் இல்லீங்க. அவருதான் அடிச்சாரு."

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்" என்றாள் ரமீஜா.

அதே மணிக்கு, பதினேழு கிலோமீட்டர் தள்ளி, செங்காட்டுப்புதூர் ரேஷன் கடைக்காரர் வீட்டு வாசலில் இருந்த தேக்குக் கதவு காணாமல்போனது. உடையவுமில்லை, எரியவுமில்லை, இருந்தது, இல்லை. 'உபயம்' எழுதிய சிவப்புப் பெயிண்ட் மட்டும் எழுத்தெழுத்தாகத் தரையில் உதிர்ந்து கிடந்தது. கடைக்காரர் சம்சாரம் அதைக் கூட்டி அள்ளிவிட்டு, வாசலில் ஒரு போர்வையைக் கட்டினாள்.

மணிக்கட்டு கூடுவதற்குள் பவளக்கொடி பையை எடுத்துக்கொண்டு சொசைட்டி மாடியில் இருந்த அறைக்கு வந்துவிட்டாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு ரமீஜாவும் கூடப் போனாள், ஆனால் பேசியது பவளக்கொடிதான். தியாகு அவள் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு வந்தது. அவன் முதலில் மல்லிகைப்பூ அனுப்பினான், அப்புறம் பெரிய மனிதர்களை அனுப்பினான், அப்புறம் எதிர்வீட்டு மாடியில் ஒரு ஸ்பீக்கரைக் கட்டி அவள் பெயரைச் சொல்லி ஏசினான். உத்தரவை மீறினான் என்று ஸ்பீக்கரோடு அவனையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனாலும் கல்யாண மண்டபத்தில் யாராவது மைக்கைத் தட்டினால் அவளுக்குக் கை நடுங்கும். பால் கேன், குவளை, நோட்டு, சுவரில் ஆணி, ஆணியில் மாட்டிய குடை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு மேஜையைப் பிடித்தபடி நிற்பாள், பால் ஊற்ற வந்தவர்கள் காத்திருப்பார்கள், நடுக்கம் நிற்கும், அடுத்த கேனைத் திறப்பாள். ஆறு மாதத்தில் ஐந்து பொருள் என்பது மூன்றாயிற்று.

வியாழக்கிழமை தோறும் ஊரில் கதவுகள் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் சொல்லவேண்டியது இல்லை, ஒரே மாதிரி அடிக்கு ஒருமுறை சொன்னால் போதும், சொல்ல வேண்டாம் என்றால் அதுவும் சரி என்று ரமீஜா சொல்லியிருந்தாள். அப்படித்தான் ஒரே மதியத்தில் பதினொரு பாத்ரூம் கதவுகள் ஒன்றாகப் போய், குளித்துக்கொண்டிருந்த பதினொரு பேர் வாளியை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு ஊர் சிரித்தது. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கதவு இரண்டும் போன அன்று யாரும் சிரிக்கவில்லை. பவளக்கொடி அதைக் கேள்விப்பட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக நினைத்தாள்.

அப்போது கீழே டங் டங் என்று சத்தம் கேட்டது. நாச்சிமுத்து சுத்தியலும் திருப்புளியுமாக, சொசைட்டிக் கிடங்குக் கதவுகள் இரண்டையும், காசு கொடுத்துச் செய்த நிஜக் கதவுகளை, கீலோடு கழற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்காரருக்கு மூச்சு வாங்கியது.

"பள்ளிக்கூடத்துக்குத்தான் அம்மிணி. நீ எதையும் நிறுத்தவேண்டாம்" என்றார். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு மொத நாளே தெரியும். கதவுல இடிச்சா கன்னத்துல நாலு வெரலு விழுகாது. தெரிஞ்சேதான் நோட்டுல குனிஞ்சுக்கிட்டேன்."

அவள் இறங்கி வந்து கதவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள், இருவருமாகத் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டினார்கள். மற்றவர்கள் நாச்சிமுத்துவைப் பார்த்து வெட்கப்பட்டுத் தச்சரிடம் கதவுக்குச் சொல்லிவைத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். சிலர் சொல்லிவைத்தார்கள்.

மாசி மாதம் வாக்கில் ஊரில் ஒரே ஒரு கதவு பாக்கி இருந்தது. கமலாத்தாள் வீட்டு உள்ளறைக் கதவு. பலா மரம், இரண்டு விரல் கனம், உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அந்தக் கதவைப் பற்றிப் பவளக்கொடி ஒருவரிடமும் சொன்னதில்லை, ரமீஜாவிடமும் சொன்னதில்லை. சொல்லலாம் என்று நாற்காலியில் உட்காருவாள், பாதம் சில்லிடும், எழுந்து வந்துவிடுவாள். மற்றவையெல்லாம் குறைந்தபின் இது ஒன்றே முழுசாக நெஞ்சில் நின்றது. தூக்கம் போயிற்று. பால்மானியின் கோடு கண்ணுக்குத் தெரியாமல் கலங்கியது. தண்ணீர் விட்ட பாலை நல்ல பால் என்று இரண்டு நாள் ஏற்றிக்கொண்டாள். இதைச் சொல்லி இறக்காவிட்டால் தான் மீளப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

கமலாத்தாளுக்கும் அது எப்படியோ தெரிந்துபோனது. மருமகள் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு சொசைட்டிக்கு வந்தாள்.

"அம்மிணி, நீ ஆஸ்பத்திரியில என்ன வேணாப் பேசு, ஆரு வேண்டாங்கறா? என்ற ஊட்டுக் கதவை மட்டும் இழுக்காத. அந்த மாதிரி மரம் இனி நாம செய்ய முடியுமா?"

சுகந்தி கல்யாணமாகி எட்டு மாதம் ஆனவள், இருபத்திரண்டு வயது. மாமியார் பால் நோட்டைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் அவள் பவளக்கொடியின் கையைப் பிடித்தாள். "அக்கா, அந்தக் கதவு வேணுங்க்கா. உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவேன். விடியற வரைக்கும் அவரால தொறக்க முடியாது."

அவளுடைய நெற்றியோரம் முடியை இழுத்து மூடியிருந்த இடத்தில் ஒரு கன்றல் இருந்தது. பவளக்கொடி அதைப் பார்த்ததைச் சுகந்தியும் பார்த்துவிட்டாள்.

"பீரோ கதவுல இடிச்சுக்கிட்டேங்க்கா" என்றாள் அவசரமாக.

பால் கேன்களுக்கு நடுவில் ஓர் அரைக்கதவு, கண்ணாடி பதித்தது, வந்து நின்றது. ஊரில் இன்னொருத்தி வாயிலிருந்து கதவு வந்தது அதுவே முதல் தடவை. கண்ணாடியில் பவளக்கொடிக்குத் தன் முகமும் சுகந்தி முகமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. கமலாத்தாள் திரும்பிப் பார்த்து, இதென்ன பொம்மைக் கதவு, ஒன்றுக்கும் ஆகாது என்று சலித்துக்கொண்டே அதையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

அந்த வியாழக்கிழமை பவளக்கொடி தன் கதையைச் சொல்லவில்லை, சுகந்தியைப் பற்றிச் சொன்னாள். நான் சொன்னால் அந்தப் பெண்ணுக்குத் தாழ்ப்பாள் போய்விடும், சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன், நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் மேடம் என்று கேட்டாள். ரமீஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஏழெட்டு மாதமாக அவளைப் பார்க்கும் பவளக்கொடிக்கு, அவள் விடை தெரியாமல் யோசிக்கிறாள் என்பது புரிந்தது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத அந்த முகத்தின் மேல் அவளுக்கு என்றைக்கும் இருந்ததைவிட மதிப்பு கூடியது.

"அந்தக் கதவு அந்தப் பொண்ணைக் காப்பாத்துதா, இல்ல அந்த ரூமுக்குள்ளயே வெச்சிருக்குதான்னு எனக்குத் தெரியாதுங்க. அவங்களுக்குத்தான் தெரியும். அவங்களுக்காக நீங்களும் முடிவு பண்ண வேண்டாம், நானும் பண்ண மாட்டேன். போய்க் கேளுங்க. போறப்ப நான் வீதி முனையில ஆட்டோவுல இருக்கேன். கூப்பிட்டா வருவேன், கூப்பிடலைன்னா வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பவளக்கொடி கமலாத்தாள் வீட்டுக்குப் போனாள். சுகந்தி அறைக்குள் இருந்தாள். பவளக்கொடி கதவைத் தட்டி, வரலாமா கண்ணு என்று கேட்டு, தாழ்ப்பாள் விலகியபின் உள்ளே போனாள். எங்கே உட்காரட்டும் என்று கேட்டாள். சுகந்தி கட்டிலைக் காட்டிவிட்டு மறுபடி தாழ்ப்பாள் போட்டாள்.

பவளக்கொடி இருக்கிற சங்கதி முழுவதையும் சொன்னாள். இந்தக் கதவு எதிலிருந்து வந்தது என்று நான் சொன்னால் இது போய்விடும். நீ வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன், எழுந்து போய்விடுவேன், உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது. சொல் என்றால் சொல்கிறேன், வீதி முனையில் ஆட்டோ நிற்கிறது, அதில் ஏறுவதும் ஏறாததும் உன் இஷ்டம்.

சுகந்தி நெடுநேரம் கதவையே பார்த்தாள். "இதுக்குள்ள எட்டு மாசமா உக்காந்திருக்கேங்க்கா" என்றாள். அப்புறம், "சொல்லுங்க" என்றாள்.

பவளக்கொடி காலைத் தரையில் அழுத்தினாள். கட்டில், சீப்பு, தாழ்ப்பாள் என்று மூன்று பொருளைப் பேர் சொல்லிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், தனக்கு அப்போது ஐந்து மாதம் என்று. ஒரு கல்யாண வேலை முடிந்து வயரெல்லாம் கூடத்தில் கிடந்தது என்று. சுற்றி வைக்கச் சொன்னான், வயிற்றை வைத்துக்கொண்டு குனிய முடியவில்லை, கொஞ்சம் பொறுத்துச் சுற்றுகிறேன் என்றேன், அதுதான் நான் செய்தது என்று. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வந்து அவன் காலால் உதைத்தான் என்று. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் சமையக்கட்டுக் கதவு என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன், வீட்டில் இந்தக் கதவு வந்து நின்றிருக்கிறது, பெண் குழந்தை என்று ஆயா சொன்னாள், துணியில் சுற்றி ஒருமுறை காட்டினாள், அதற்கு மயில் என்று நான் மனசுக்குள் பேர் வைத்திருந்தேன், அந்தப் பேரை இன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொல்கிறேன் என்று. சொல்லி முடித்துச் சத்தமாக அழுதாள். சுகந்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏழு வருஷத்தில் ஸ்பீக்கர் சத்தம் இல்லாமல் அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான், நன்றாக அழுதாள்.

நிமிர்ந்தபோது கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில், அதில் காதை வைத்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த சுகந்தியின் புருஷன் பூபதி, சாய்ந்திருந்தது திடீரென்று இல்லாமல்போய், அறைக்குள் குப்புற விழுந்து கிடந்தான். உடம்பெல்லாம் சிவப்புப் பெயிண்ட் துகள். எழுந்திருக்கப் பார்த்தான், என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துகொண்டான். சுகந்தி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். அது ஏற்கெனவே கட்டியிருந்த பை என்பதைப் பார்த்துப் பவளக்கொடிக்குத் திக்கென்றது. கேட்டிருக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது. இருவரும் அவனைத் தாண்டி வெளியே வந்தார்கள்.

கமலாத்தாள் ஓடிவந்து வாசலில் மறித்தாள். மருமகள் போவதைவிடக் கதவு போனதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. வீதியில் அதற்குள் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். கமலாத்தாள் கூட்டத்தைப் பார்த்தாள், சுகந்தியின் நெற்றியைப் பார்த்தாள், குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டாள்.

"போறது போ கண்ணு, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போ. நெத்தியில என்ன? கதவுலதான இடிச்சுக்கிட்ட? நம்மூட்டு ரூம் கதவுலதான?"

என்ன கேட்கிறாள் என்பது வீதிக்கே புரிந்தது. நல்ல கனமான கதவாக ஒன்று கேட்கிறாள்.

சுகந்தி பவளக்கொடியைப் பார்த்தாள். பவளக்கொடிக்கு நாக்கு நுனிவரை வந்த பதிலை அவள் சொல்லவில்லை; பதினான்காம் அறையில் ஒருத்தி தனக்காகக் காத்திருந்ததைப் போல இவளுக்காகக் காத்திருந்தாள்.

"இல்லீங் அத்தை" என்றாள் சுகந்தி. "உங்க பையன் அடிச்சாருங்."

வீதி முழுக்க அசையாமல் நின்றது. பழகிப்போன கண்கள் வாசலைப் பார்த்தன, திண்ணையைப் பார்த்தன, சாக்கடை ஓரத்தைப் பார்த்தன. ஒரு சட்டம்கூட முளைக்கவில்லை. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் அத்தனை பேரும் கடைசியில் அந்தப் பெண்ணின் நெற்றியைப் பார்த்தார்கள்.

வீதி முனையில் ரமீஜா ஆட்டோவுக்குள் நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு பேருக்கு இடம் விட்டாள்.